பானையைச் சுற்றி நடக்கும் பெண்கள்

சகோதரிகளே, வியட்நாம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது யுத்தம்தான். அது 1975-லேயே முடிந்துபோன விஷயம். இப்போது அங்கே போகிறவர்கள் கடற்கரை, படகுச் சவாரி என்று சுற்றிவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து போனபோது, "எங்களுக்குக் கிராமங்களைக் காட்டுங்கள். கைத்தொழில் செய்கிற வீட்டுக்குள்ளேயே கூட்டிப் போங்கள்" என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டோம். பார்த்ததில் மூன்று ஊர்களைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டி இருபத்தைந்து வயதுப் பெண். வந்ததும் வராததுமாக ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்டாள்! எங்களில் ஒருத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வியட்நாமிய மொழியில் வெறும் 'நீ', 'நீங்கள்' என்று பேச முடியாதாம். அக்காவா, அத்தையா, பாட்டியா என்று தெரிந்தால்தான் வாயே திறக்க முடியும். என் வயதைக் கேட்டதும் 'கோ' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்படியென்றால் அத்தை. நம்ம ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியையும் 'அக்கா' என்று கூப்பிடுகிறோமே, அதே மாதிரிதான். அந்த நிமிஷமே எங்களுக்கு அந்த ஊர் பிடித்துப் போய்விட்டது!

வியட்நாமில் ஓர் ஊருக்கு ஒரு தொழில் என்பது நெடுங்காலப் பழக்கம். ஓர் ஊர் முழுக்கப் பானை, இன்னொன்று முழுக்கப் பட்டு, மற்றொன்று முழுக்க ஊதுவத்தி. தலைநகர் ஹனோயின் பழைய கடைவீதிகளுக்கும் பட்டுத் தெரு, வெள்ளித் தெரு என்று சரக்கின் பெயரே இருக்கிறது. இந்தக் கிராமத்துக் கைவினைஞர்கள் வந்து தங்கி வியாபாரம் செய்த தெருக்கள் அவை.

முதலில் நாங்கள் போனது சுவோங் என்ற ஊர். ஹனோய்க்குத் தெற்கே, காரில் சிறிது நேரப் பயணம். கூம்பு மாதிரி ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு பெண்கள் வயலில் நாற்று நடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 'நோன் லா' என்று பெயர். அது இந்த ஊரில்தான் தயாராகிறது. பனைஜாதி இலையை வெயிலில் காயவைத்து வெளுக்க விடுகிறார்கள். பிறகு அடியில் நெருப்பிட்டுச் சூடாக்கிய இரும்புத் தகட்டின்மேல் இலையை வைத்து, துணிப் பந்தால் அழுத்தி இழுக்கிறார்கள். இஸ்திரி போட்ட மாதிரி சுருக்கமில்லாமல் நீண்டுவிடுகிறது! சூடு அதிகமானால் இலை கருகும். குறைந்தால் மறுபடி சுருண்டுகொள்ளும். தோசைக் கல்லின் பதம் நமக்குக் கையில் தெரிகிற மாதிரி அவர்களுக்கு இந்தச் சூடு தெரிகிறது.

ஒரு தொப்பிக்குப் பதினாறு மூங்கில் வளையங்கள். அச்சின்மேல் வளையங்களை மாட்டி, இரண்டு அடுக்கு இலையைப் பரப்பி, நடுவில் மூங்கில் மடலை வைத்து, மெல்லிய நூலால் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தர் பேரனைத் தூளியில் ஆட்டிக்கொண்டே தைத்தார். கண் ஊசியில் இல்லை, குழந்தைமேல்தான். தையலோ ஒன்றுகூடக் கோணவில்லை. நடு வியட்நாமில் ஹுவே என்ற பழைய தலைநகரத்தில், இரண்டு இலைகளுக்கு நடுவில் கவிதை வரிகளைக் காகிதத்தில் வெட்டி வைத்துத் தைக்கிறார்கள். தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். என்ன நாசூக்கு பாருங்கள்!

அடுத்தது பாக் நின் மாகாணத்தில் டுவோங் ஆற்றங்கரையில் உள்ள டோங் ஹோ. இது படம் அச்சடிக்கிற கிராமம். 'தெத்' என்கிற புத்தாண்டு வந்தால் ஏழை எளியவர்கள்கூடப் பழைய படத்தைக் கழற்றிவிட்டு, இந்த ஊர்ப் படம் ஒன்றைப் புதிதாகச் சுவரில் ஒட்டுவார்களாம். குட்டிகள் சூழ்ந்த தாய்ப்பன்றி, எலிக் கல்யாணம், தென்னை மரத்தில் ஏறிக் காய் பறிக்கிற காட்சி என்று எல்லாமே கிராமத்து விஷயங்கள். பெண்டாட்டி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கணவனின் இன்னொருத்தியிடம் சண்டைக்குப் போகிற படம் ஒன்று உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டு அந்த மனுஷன் விழிக்கிற விழியைப் பார்த்து எட்டுப் பேரும் வாய்விட்டுச் சிரித்தோம்!

காகிதம் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. சிப்பி ஓட்டைப் பொடித்து அரிசிக் கஞ்சியில் குழைத்து, ஊசியிலைகளால் கட்டிய தூரிகையால் அதன்மேல் பூசுகிறார்கள். அதனால்தான் படம் மினுமினுக்கிறது. நிறங்களும் அப்படியே. கறுப்புக்கு மூங்கில் இலைக் கரி, நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு ஒரு மரத்தின் பூ, சிவப்புக்குச் செங்கூழாங்கல் பொடி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மரக்கட்டை அச்சு. எல்லா நிறமும் ஏறிய பிறகு கடைசியில்தான் கறுப்புக் கோடு.

ஆனால் இந்த ஊரில் இப்போது படம் அச்சடிக்கும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற வீடுகளிலும் காகித வேலைதான் நடக்கிறது, ஆனால் வேறு காகிதம். முன்னோருக்குப் படைத்து எரிப்பதற்காகக் காகித வீடு, காகிதக் கார், காகிதச் சட்டை என்று செய்து குவிக்கிறார்கள். அதற்குத்தான் வருஷம் முழுக்க வியாபாரம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டுமே! 2025 டிசம்பரில் நம் டில்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில், உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய கலைகளின் பட்டியலில் டோங் ஹோ படங்களையும் சேர்த்தார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வருகிறது என்றால், நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அங்கிருந்து ரயிலேறித் தெற்கே வந்தோம். ஹனோயிலிருந்து சாய்கோன் வரை 1,726 கிலோமீட்டர் ஓடுகிற ரயில் பாதை அது. நாங்கள் இறங்கிய ஸ்டேஷனின் பெயர் 'தாப் சாம்', அதாவது சாம் கோபுரம். பக்கத்திலேயே குன்றின்மேல் செங்கல் கோயில். வாசலுக்கு மேலே ஆறு கைகளோடு நடனமாடும் சிவபெருமான்! போ க்ளோங் கராய் என்ற இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் சாம் மக்கள். ஒரு காலத்தில் இந்தப் பகுதிக்குப் பாண்டுரங்கம் என்று பெயர். அதுதான் இன்று பான் ராங் என்று மருவிக் கிடக்கிறது. வருஷா வருஷம் 'கதே' திருவிழாவின்போது சாம் மக்கள் இன்றும் இங்கே வந்து வழிபடுகிறார்கள்.

பான் ராங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது பாவ் ட்ரூக். முன்பு நின் துவான் மாகாணம்; 2025 ஜூலை முதல் கான் ஹோவாவோடு சேர்த்துவிட்டார்கள். வியட்நாமிலேயே மழை குறைவான சீமை. திராட்சையும் பூண்டும் நன்றாக விளைகின்றன.

இந்த ஊர் மண்பாண்டத்துக்குப் பேர்போனது. ஆனால் சக்கரம் கிடையாது! இடுப்பு உயரத்தில் ஒரு பீடம். அதன்மேல் களிமண் உருண்டை. பானை அசையாமல் இருக்கிறது. செய்கிற பெண்தான் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், அதுவும் பின்பக்கமாக நடந்து! ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. மண் மெல்ல மெல்ல மேலே எழும்புகிறது. பிறகு மூங்கில் வளையத்தால் சுரண்டி, ஈரத் துணியால் வழித்துவிட்டால் சக்கரத்தில் சுற்றியது போன்ற வட்டம். நான் ஐந்து சுற்று நடந்து பார்த்தேன். தலை கிறுகிறுத்து, குனிந்த முதுகு நிமிர மாட்டேனென்றது. அந்தம்மாவோ நாள் முழுக்க நடக்கிறார்!

ஆற்றங்கரை வயலிலிருந்து மண் எடுத்து, காயவைத்து, ஊறவைத்து, மணல் கலந்து மிதித்துப் பிசைய வேண்டும். செய்த பானையைச் சில நாள் உலர்த்த வேண்டும். சூளை கிடையாது. வெட்டவெளியில் விறகும் வைக்கோலும் அடுக்கி ஏழெட்டு மணி நேரம் சுடுகிறார்கள். சூடு ஆறுவதற்குள் காட்டுக் காய்ச் சாற்றைத் தெளித்தால் ஆங்காங்கே கருந்திட்டுகள் விழும். அதனால் ஒரு பானை மாதிரி இன்னொரு பானை இருக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே செய்கிற சின்னக் குழி அச்சு. 'பான் கான்' என்ற பலகாரத்துக்கு அது. ஊறவைத்த அரிசியோடு ஒரு பிடி சாதம் சேர்த்து அரைத்து, மண் குழியில் ஊற்றி, சின்ன மூடி போட்டு வேகவைக்கிறார்கள். நம்ம குழிப்பணியாரம்தான், போங்கள்! எண்ணெய் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மேலே வெங்காயத்தாள் தூவித் தந்தார்கள்.

இந்த வேலை தாயிடமிருந்து மகளுக்குப் போகிற வேலை. சாம் மக்களில் வம்சம் தாய்வழி. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும் வீட்டைப் பெறுவதும் வழக்கப்படி கடைசிப் பெண். அதனால் ஆவலோடு கேட்டேன்: "உங்க பொண்ணுங்க கத்துக்கிட்டாங்களா?"

வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள். அந்தம்மா கையை நிறுத்தவில்லை. நடந்துகொண்டே பதில் சொன்னார்.

"பெரியவ கத்துக்கிட்டா. ஆனா இப்போ சாய்கோன் பக்கம் பாக்டரியில இருக்கா. மாசம் பொறந்தா சம்பளம் வருது. சின்னவளுக்கு இந்த வீடு வரும். மண்ணு அவளோட கைக்கு வருமான்னுதான் தெரியல."

"நீங்க சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்றது அத்தை? என்னை மாதிரி முதுகு வலியோட இருன்னா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

2022 நவம்பரில் யுனெஸ்கோ இந்தச் சாம் மண்பாண்டக் கலையையும் அதே அவசரப் பட்டியலில் சேர்த்தது. மண் எடுக்கிற இடம் சுருங்குகிறது. சந்தைக்கு ஏற்றபடி மாறத் தெரியவில்லை. இளசுகளுக்கு ஆர்வமில்லை என்று காரணங்களை அடுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது காரணத்தை மட்டும் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். ஆர்வம் இல்லாமல் இல்லை. தண்ணீர்க்குடமும் சமையல் சட்டியும் பிளாஸ்டிக்காகவும் அலுமினியமாகவும் மாறிவிட்ட பிறகு, ஆர்வம் மட்டும் அரிசி வாங்கித் தருமா? இப்போது ஓட்டல்களுக்கு அலங்கார ஜாடி, சிலை, விளக்கு என்றும் செய்து சமாளிக்கிறார்கள். அதில் வருமானம் கூடினால்தான் சின்னவள் உட்காருவாள்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி வழக்கம்போல் பாதி விலைக்குக் கேட்க ஆரம்பித்தாள். வழிகாட்டிப் பெண் கோபிக்கவில்லை. மண் எடுப்பதிலிருந்து சுடுவது வரை ஒவ்வொரு வேலையாக விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள். ஒரு கை விரல் தீர்ந்து அடுத்த கைக்குப் போயிற்று. கேட்டவளே பர்ஸைத் திறந்து சொன்ன விலையைக் கொடுத்துவிட்டாள்.

நீங்களும் போவதாக இருந்தால் சில யோசனைகள். முன்னேற்பாடு செய்யும்போதே, 'அரை மணி நேரம் பார்வையிடல்' என்று இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓர் ஊருக்கு அரை நாளாவது கேளுங்கள். கற்றுக்கொடுப்பதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். சாமானைக் கூடியவரை செய்கிறவர் கையிலேயே வாங்குங்கள். சைவக்காரர்கள் 'ஆன் சாய்' என்ற இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சைவச் சாப்பாடு என்று அர்த்தம். இல்லாவிட்டால் கீரைப் பொரியலில்கூட மீன் சாறு இருக்கும்! அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமியை ஒட்டியும் அங்கே பலர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் கஷ்டமே இல்லை. பானை வாங்கினால் பழைய துணிகளுக்கு நடுவில் வைத்துக் கையோடு எடுத்து வாருங்கள்.

போக முடியாதவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் அம்மாவோ மாமியாரோ கையால் செய்கிற ஏதாவது ஒன்று இருக்கும். பாய் முடைவதோ, கூடை பின்னுவதோ, பிரிமணை செய்வதோ, எதுவானாலும் சரி. இந்த லீவில் பக்கத்தில் உட்கார்ந்து அதை முழுசாக ஒருமுறை செய்து பாருங்கள். அதற்கு எத்தனை நாழி பிடிக்கிறது, எங்கே வலிக்கிறது, விற்றால் என்ன கிடைக்கும் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். மகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா, எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்று அப்புறம் நாமெல்லாரும் சேர்ந்து பேசுவோம்.