யாருடைய விருப்பம் இந்த 'விருப்ப ஓய்வு'?

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஆலைத் தொழிலாளிக்கு ஐம்பது வயது நெருங்கினால் வீட்டில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வி.ஆர்.எஸ்.! அதாவது விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம்? அந்தத் தொழிலாளியின் விருப்பமா, அவர் சம்பளத்தில் இரண்டு காண்ட்ராக்ட் பையன்களை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடும் நிர்வாகத்தின் விருப்பமா?

சட்டத்தைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. பாகுபாடு கூடாது என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 15, 16 ஆகிய பிரிவுகளில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எல்லாம் உண்டு. வயது இல்லை. அமெரிக்காவில் 1967-லேயே நாற்பது வயதைக் கடந்தவர்களுக்காகத் தனிச் சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் அங்கே சட்டவிரோதம்.

இங்கே இருக்கும் கேடயம் ஒன்றுதான்: 'கடைசியாக வந்தவர் முதலில் போகவேண்டும்'. தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் ஓட்டைகளைப் பாருங்கள். காரணத்தை எழுதி வைத்துவிட்டால் வரிசையை மாற்றலாம். விருப்ப ஓய்வு ஆட்குறைப்புக் கணக்கிலேயே வராது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர், சட்டப்படி 'தொழிலாளி'யே கிடையாது!

சரி, கையெழுத்துப் போட மறுத்தால்? மெமோ வரும். தெரியாத ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். பழிவாங்கல் தவறு என்று சட்டம் சொல்கிறதுதான். ஆனால் அது பழிவாங்கல்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியவர், சம்பளம் நின்றுபோன அந்த மனிதர்!

பழிவாங்கல் வடசென்னைக்குப் புதிதல்ல. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1920-ல் போராட்டம் வெடித்தபோது நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி.வாடியா மீதே வழக்குப் போட்டது. அந்த வழக்கு கிளப்பிய கொதிப்புதான் 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. வயதுக்காக விரட்டப்படுகிறவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் பிறக்கவில்லை.

"பெரியவர்கள் போனால்தானே இளைஞர்களுக்கு வேலை?" என்று சிலர் கேட்கலாம். போனவரின் நிரந்தர வேலை இளைஞருக்குக் கிடைத்தால் இந்தக் கேள்விக்கு மதிப்புண்டு. அவருக்குக் கிடைப்பதோ காண்ட்ராக்ட் சீட்டு. அப்பாவும் தோற்கிறார், பிள்ளையும் தோற்கிறான்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் நண்பர்களே, இது ஆலைக்காரர்கள் பிரச்சினை என்று ஒதுங்கிவிடாதீர்கள். 2025-ல் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அடி பெரும்பாலும் நடுநிலை, மூத்தநிலை ஊழியர்களுக்குத்தான். உங்களுக்கும் ஒருநாள் ஐம்பது வயதாகும்.

தேவை மூன்று. பாகுபாட்டுப் பட்டியலில் வயதும் ஏற வேண்டும். விருப்ப ஓய்வுக் கையெழுத்து தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் போடப்பட வேண்டும். மறுத்தவருக்கு ஓராண்டுக்குள் தண்டனை வந்தால், அது பழிவாங்கல் இல்லை என்று நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு அதை 'விருப்பம்' என்று சொல்லட்டும்!