மின்சாரம் இல்லாத அடுக்களையில் ஹும்முஸ்



அரைக்கும் இயந்திரம் இல்லாத வீட்டில் மேற்காசிய மக்களின் ஹும்முஸ் செய்ய இயலுமா என்னும் ஐயம் பலருக்கு எழுவதுண்டு. இயலும் என்பதே நம் மறுமொழி. இயந்திரம் வந்தது நேற்று, இவ்வுணவோ பழமையானது. வேகவைத்து மசித்த கடலையில் காடியும் மணப்பொருள்களும் சேர்க்கும் முறைகள் 13ஆம் நூற்றாண்டின் அரபுச் சமையல் நூல்களிலேயே காணப்படுகின்றன.

ஹும்முஸ் என்னும் அரபுச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்பதே பொருள். இவ்வுணவின் முழுப்பெயர் 'ஹும்முஸ் பி தஹினா', அதாவது எள்விழுது சேர்ந்த கடலை. லெபனான், சிரியா, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளில் வாழும் கீழைத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இறைச்சியையும் பாற்பொருள்களையும் விலக்கும்போது, அவர்களுடைய பந்தியில் இது தவறாமல் இடம்பெறும். கடலையின் புரதமும் எள்ளின் கொழுப்பும் சேர்ந்து, நோன்பிருக்கும் உடலைத் தளரவிடாமல் தாங்குகின்றன.

இனிச் செய்முறையைக் காண்போம். 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை நிறைந்த நீரில் 12 மணி நேரம் ஊறவையுங்கள். நீரை மாற்றி, அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடா சேர்த்து, மெல்லிய தீயில் வேகவையுங்கள். சோடாவின் காரத்தன்மை கடலைத் தோலை இளக்கிவிடும். அளவு மிஞ்சினால் சவர்க்காரச் சுவை தட்டும், எச்சரிக்கை தேவை. இரு விரல்களுக்கிடையே எடுத்தால் தானே நசுங்கும் பதமே சரியான பதம். பின்னர் வெதுவெதுப்பான நீரில் இட்டு மெதுவாகத் தேய்த்தால் தோல்கள் மேலே மிதக்கும், வடித்துவிடலாம். இப்பணியைச் சிறுவர்களிடம் ஒப்படைத்தால் மகிழ்ச்சியுடன் செய்வார்கள்.

அடுத்து எள். தோல் நீக்கிய வெள்ளை எள் 150 கிராம் எடுத்து, சிவக்காமல் இளஞ்சூட்டில் வறுத்து, சூடு ஆறுமுன் அம்மியில் அரையுங்கள். தண்ணீர் ஒரு துளியும் தெளிக்கலாகாது. முதலில் பொடியாகும், பிறகு கட்டியாகும், பொறுமையோடு அரைத்துக்கொண்டே இருந்தால் எள் தன் எண்ணெயைத் தானே விட்டு இளகும். அதிலே 4 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டதும் விழுது திடீரென இறுகிவிடும். கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டாம். குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்தால் வெண்ணெய்போல வெளுத்து இளகும்.

இரண்டு பூண்டுப் பற்களை உப்புடன் நசுக்கி, எலுமிச்சைச் சாறு சில துளிகள் தெளித்து வைத்தால் அதன் காரம் தணியும். கடலையைச் சூட்டோடு உரலிலோ ஆட்டுக்கல்லிலோ இட்டு மசியுங்கள். ஆறிவிட்டால் மாவுச்சத்து இறுகிப் போகும். கைக்கு வேலையும் இரட்டிக்கும். மசிந்தபின் எள்விழுதையும் பூண்டையும் கூட்டிக் குழையுங்கள். இயந்திரத்தில் அரைத்ததுபோல வழவழப்பு வராது. காசாவின் இல்லங்களில் 'ஸிப்தியா' என்னும் மண்கலத்தில் மரக் குழவியால் மசிப்பவர்கள் அத்தகைய சொரசொரப்பைக் குறையாக எண்ணுவதில்லை. தட்டில் பரப்பி, நடுவே குழித்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, சீரகப் பொடி தூவி, ரொட்டியால் வழித்து உண்பது மரபு. அன்று செய்ததை அன்றே உண்பது நன்று.

இவ்வுணவு யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கு ஒன்றும் உண்டு. 2010 ஜனவரியில், எருசலேமுக்கு அருகிலுள்ள அபூ கோஷ் என்னும் அரபுச் சிற்றூரில் 4,090 கிலோ ஹும்முஸ் செய்து உலக சாதனை படைத்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் லெபனான் நாட்டினர் 10,452 கிலோ செய்து அதை முறியடித்தனர். அவ்வெண் அவர்கள் நாட்டின் பரப்பளவாகிய சதுர கிலோமீட்டர்களின் எண்ணே. அபூ கோஷ் ஊரையோ, உயிர்த்த ஆண்டவர் இரு சீடரோடு அப்பம் பிட்ட எம்மாவு எனக் கருதுவோர் உண்டு. சிலுவைப் போர்க் காலத்துக் கோவில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிட்டுப் பகிர்ந்ததன் நினைவைப் போற்றும் ஊரிலேயே, உணவின் பெயரால் போட்டி எழுந்தது.

அப்பெருந்தட்டு செய்து 11 ஆண்டுகள் கடந்தன. 2021 அக்டோபரில் எரிபொருள் தீர்ந்து, லெபனானின் இரு பெரிய மின்நிலையங்களும் நின்றுபோயின. நாடே இருளில் மூழ்கியது. மின்சாரம் இல்லாத வேளையில் சாதனைக் கலம் எந்த வீட்டுக்கும் உதவாது. பாட்டியின் உரலும், அதைப் பிடிக்கத் தெரிந்த கையுமே உதவும்.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே. இப்பழைய கைவேலையைப் பிள்ளைகளுக்கு இன்றே பழக்குங்கள். தாய் ஒருத்தியின் தோளில் மட்டும் சுமத்தாதீர்கள். எள்ளைத் தந்தை அரைக்கட்டும், தோலைப் பிள்ளைகள் களையட்டும். ஒரு மணி நேரம் ஒரே உரலைச் சுற்றி அமர்ந்தவர்கள், பின்பு ஒரே தட்டில் கை வைக்கும்போது, அது யாருக்குச் சொந்தம் என்று கேட்கமாட்டார்கள்.