மண்டபம் முகாமுக்கும் ஒரு வேலைக்கூடம்!

பட்டணத்தில் இப்போது ஒரு புதுச் சொல் உலவுகிறது: 'கோவொர்க்கிங்'. பழைய கட்டடம் ஒன்றைப் பிடித்து, சுவரைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டி, கண்ணாடித் தடுப்பு வைத்து, நாற்காலிக்கு இவ்வளவு என்று மாத வாடகை வாங்குகிறார்கள். பலர் கூடி ஓரிடத்தில் வேலை செய்வதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் மாநில சர்க்காரே 'முதல்வர் படைப்பகம்' என்று பொதுப் பணியிடமும் படிப்பகமும் திறந்தது. நல்ல காரியம். அப்படி ஒரு கூடம் ராமநாதபுரம் ஜில்லா மண்டபம் முகாமுக்கும் வேண்டும் என்கிறோம்.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிச் சென்ற ஏழைகளை, கப்பலேற்றுமுன் நோய்த் தடுப்பு என்ற பேரில் அடைத்து வைக்க வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்ட இடம் இது. 1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களுடைய சந்ததிகள் இதே வழியாகத் திரும்பினார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் குடியேற்றப்பட்டார்கள். உபயோகம் இரண்டு முறை மாறிவிட்டது. உள்ளே இருப்பவர்களை ஒரு முறையாவது கலந்து கேட்டதுண்டா?

2021ல் பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. முகாம்களுக்குப் புது வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வரவேற்கிறோம். ஆனால் வாழ்வு என்றால் கூரை மட்டும்தானா? பட்டம் பெற்ற பிள்ளை, குடியுரிமை இல்லாத காரணத்தால் சர்க்கார் வேலைக்கு மனுப் போட முடியாமல், ஊரார் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறான். தையல் தெரிந்த பெண் சமையல் மூலையிலேயே மிஷினை மிதிக்கிறாள்.

'பழைய கட்டடம் உதவாது, இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டு' என்பார் காண்டிராக்டர். அவருக்கு அதில் லாபம். இந்தக் கரையில் உப்புக் காற்று என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியாது? 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அது அரித்துத் தின்றது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை மட்டும் விட்டுவிடுமா? கெட்டியான பழைய சுவர் எங்கே நிற்கிறதோ, அங்கே சுண்ணாம்பு அடியுங்கள். பொய்க்கூரை வேண்டாம், கூரையின் உயரம்தான் உஷ்ணத்தைத் தலைக்கு மேலே நிறுத்தும். ஜன்னலை அடைத்துக் குளிர்சாதனம் மாட்டாமல் கடற்காற்றுக்குத் திறந்து விடுங்கள். இரும்பு பீரோவுக்குப் பதில் மர அலமாரி, பூட்டுடன். மேஜைக்கு மேஜை விளக்கும் மின் இணைப்பும். படிக்கிறவனுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே ஒரு சுவர். குழந்தையைக் கிடத்த ஒரு மூலை. பெண்களுக்குத் தனிக் கக்கூஸ்.

முதலில் குடிநீர், பிறகுதான் மேஜை என்று உபதேசிப்பவர்களும் உண்டு. குடிநீரும் கேட்கிறோம், மேஜையும் கேட்கிறோம். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப் போடுவது அதிகாரிகளின் பழைய வித்தை.

வரைபடம் போடுமுன் முகாம் மக்களைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். கூடத்தின் சாவி அதிகாரியின் மேஜை டிராயரில் கிடக்கக் கூடாது. அம்மக்கள் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிடம் இருக்க வேண்டும்.