விளையாட்டுக் கணினியும் வீண் செலவும்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியிற் கணினியைப் பற்றியும், அதிலும் விளையாட்டுக்கென அமைத்த கணினியைப் பற்றியும் எழுதப் புகுந்தமை கண்டு சிலர் நகைப்பர். சிலர் முகஞ் சுளிப்பர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார்க்கு இது தகுமோ என வினவுவாரும் உளர். ஆயினும், விடுதியில் இரவுணவிற்குப் பின் மாணவர் நால்வர் கூடின், அவருள் இருவரேனும் பேசுவது இதனைப் பற்றியே என்பது யாவரும் அறிந்த செய்தி. நம்மவர் நாடோறும் பேசுவதும், தம் பெற்றோர் பணத்தைச் செலவிடுவதுமாகிய ஒரு பொருளைத் தமிழில் ஆராய்தல் குற்றமாகாது என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

யாம் கூற விரும்புவது ஒன்றே. தாமே கூட்டிய கணினியின் விளையாட்டுத் திறனை உயர்த்த விரும்புவோர், கடைக்குச் செல்லுமுன், அக்கணினியில் எவ்வுறுப்புத் தடையாய் நிற்கின்றது என்பதை அளந்தறிதல் வேண்டும். அளவாது வாங்குவோர் பொருளிழப்பர். இதனை நூலிற் கற்று உரைக்கின்றோம் அல்லோம். எந்தையார் பணத்தை இழந்து கற்றே உரைக்கின்றோம்.

கணினியைத் தாமே கூட்டும் வழக்கம் புதியதன்று. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினி தனித்தனி உறுப்புக்களாகவும் விற்கப்பட்டது. அவ்வாறு வாங்கியவர் தம் வீட்டிலமர்ந்து அதனைப் பற்றவைத்துக் கூட்டினர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினி, பின்னர் வேண்டும் அட்டைகளைச் செருகுதற்குரிய இடங்களைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அவ்வமைப்பின் வழிவந்தமையாலேயே இன்றும் நாம் ஓர் உறுப்பைக் கழற்றி அதனினும் சிறந்ததைப் பொருத்த முடிகின்றது. இஃது ஒரு பேருரிமை. ஆயின், உரிமை உண்டென்பதனாலேயே எதனையும் மாற்றலாம் என்பது பொருந்தாது.

இனி, எம் கதைக்கு வருவாம். எம் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்துள்ளது. எந்தையார் கரும்பு பயிரிடுபவர். மேனிலைத் தேர்வு முடித்த 2024ஆம் ஆண்டு விடுமுறையில், யாம் ஈராண்டாகச் சேர்த்த பணமும் தாய்மாமன் அளித்த பணமுங் கொண்டு கணினி ஒன்று கூட்டினோம். ஆறு கருக்களும், தன்னுள்ளேயே சிறு கிராபிக்ஸ் பகுதியும் உடைய ரைசன் 5 5600ஜி என்னும் பிராசசர். எட்டு ஜிகாபைட்டு ராம் ஒன்று. நொடிக்கு 60 படங்கள் காட்டும் பழைய மானிட்டர். பெட்டியோடு இலவசமாய் வந்த பவர் சப்ளை: இவையே அதன் உறுப்புக்கள். அது முதன்முறை உயிர்பெற்று ஒளிர்ந்த நாளில் எம் தங்கையும் அண்டை வீட்டுச் சிறுவரும் ஆரவாரித்தமை இன்னும் எம் செவியில் நிற்கின்றது.

ஆயினும், வலோரண்ட் என்னும் ஆட்டத்தைத் தொடங்கிய சின்னாட்களிற் குறை தெரிந்தது. எதிரி தோன்றும் வேளையிற் படம் தயங்கும். தயக்கம் நீங்குமுன் யாம் வீழ்ந்திருப்போம். தனியே ஒரு கிராபிக்ஸ் அட்டை வாங்கினாலன்றி இது தீராது என்று நண்பர் பலரும் கூறினர், யாமும் நம்பினோம். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கரும்புப் பணம் வந்தது. சொட்டுநீர்க் குழாய்களை மாற்றுதற்கென எந்தையார் வைத்திருந்த அப்பணத்தினின்று பதினேழாயிரம் ரூபாய் கேட்டோம். அவர் கணினி அறியார். எனினும் ஒரு வினா வினவினார்: “கிணற்றில் ஊற்றுக் குறைந்திருக்கையிற் பெரிய மோட்டாரை இறக்கினாற் சேறுதான் வரும், தம்பி. எது குறை என்று பார்த்தாயா?” பார்த்தோம் என்று பொய் கூறினோம். அவரும் பணத்தைக் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. கணினிக் கடைகளும் அங்கு உள. எனினும், மலிவு கருதி ஏறக்குறைய 250 கிலோமீட்டர் பேருந்திற் சென்று, சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சித் தெருவை அடைந்தோம். ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் அட்டையை, ஒருவர் பயன்படுத்தி விற்றதை, வாங்கி வந்தோம். பொருத்தினோம். ஆட்டம் விறுவிறுப்படையும் நேரம் பார்த்துக் கணினி முற்றும் அணைந்தது. மீண்டும் இயக்கினோம், மீண்டும் அணைந்தது. அட்டை பழுது என்று விற்றவரை நொந்தோம். உண்மையோ வேறு. அவ்வட்டை 170 வாட்டு மின்சாரம் உண்பது; 550 வாட்டு பவர் சப்ளை வேண்டும் என்று அதனை ஆக்கியோரே வரையறுத்துள்ளனர். இலவசமாய் வந்த எம் பவர் சப்ளை அச்சுமையைத் தாங்கவில்லை. நல்லதொன்று வாங்க மேலும் மூவாயிரத்தைந்நூறு ரூபாய் வேண்டும். எந்தையாரிடம் மறுமுறை கேட்க எமக்கு வாய் எழவில்லை.

கள்ளக்குறிச்சியிற் கணினி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் எம் பெட்டியைத் திறந்து பார்த்தவுடன், “ஒற்றை ராம் தானே போட்டிருக்கிறாய்?” என்று கேட்டார். அட்டையைக் கழற்றி, அதே வகை ராம் இன்னொன்றைப் பொருத்தி, தாய்ப்பலகை அமைப்பில் ஒரு மாற்றஞ் செய்தார். செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. அன்றிரவே அவ்வாட்டம் தயக்கமின்றி ஓடியது. எம் மானிட்டர் காட்டவல்ல 60 படங்களுக்கு மேலாகவே கணினி வரைந்து தந்தது. அட்டையைப் பதினாலாயிரத்திற்கு விற்றோம். மூவாயிரம் ரூபாயும் போக்குவரத்துச் செலவும் போயின. அவ்வாண்டு எம் வயலில் ஒரு பகுதிக்குப் பழைய ஓட்டைக் குழாயே நின்றது. எந்தையார் ஒரு சொல்லுங் கூறிற்றிலர். கூறியிருப்பின் எமக்கு ஆறுதலாயிருக்கும்.

இரண்டாம் ராம் செய்த மாயம் யாது? தன்னுள்ளேயே கிராபிக்ஸ் பகுதி கொண்ட பிராசசருக்குத் தனி நினைவகம் இல்லை. அது ராமையே பகிர்ந்து கொள்ளும். 3200 எனப் பொறித்த டி.டி.ஆர்.4 ராம் ஒன்றே இருப்பின், நொடிக்கு 25.6 ஜிகாபைட்டு அளவே தரவு பாயும். இரண்டை உரிய இடங்களிற் பொருத்தின் 51.2 ஆகும். ஒரு மடை திறந்த வாய்க்காலுக்கும் இரு மடை திறந்த வாய்க்காலுக்கும் உள்ள வேற்றுமையே இது. அன்றியும், எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்காவிடின், 3200 எனப் பொறித்த ராமும் தாழ்ந்த வேகத்திலேயே ஓடும். அவ்வமைப்பை இயக்கக் காசு வேண்டுவதில்லை.

மருத்துவன் முதற்கண் நோயையும் அதன் காரணத்தையும் தேர்ந்து, அதன் பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் அருளினார். அந்நெறியே ஈண்டும் செல்லும். ஆராயும் முறையும் எளிதே. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்தை வரையக் கணினிக்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லிநொடி, 144 வேண்டுமாயின் 6.9 மில்லிநொடி. ஆட்டத்தின் அமைப்பிற் படத்தின் நுணுக்கத்தை 1920க்கு 1080 என்பதினின்று 1280க்கு 720 எனக் குறைத்துப் பார்க்க. வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600 என்பதினின்று 9,21,600 ஆகக் குறையும். அவ்வாறு குறைத்தபோது படங்களின் எண்ணிக்கை நன்கு உயருமாயின், தடை கிராபிக்ஸ் பகுதியில் உளது. உயராதாயின், தடை பிராசசரில் உளது. ஆட்டத்திற்கு ஆட்டமும் இது வேறுபடும். 2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 கிராபிக்ஸ் அட்டையை மிக வருத்தும். 2023இல் வெளிவந்த கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் 2 பிராசசரை மிகுதியும் வருத்தும்.

அளந்த பின்னும் உடனே பணப்பையைத் திறத்தல் வேண்டா. 2021இற் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைச் செதுக்குவோர், உளி மழுங்கியவுடன் புதிய உளி வாங்குவதில்லை, தீட்டிப் பார்க்கின்றனர். அதுபோலச் செலவில்லாச் செப்பங்கள் சில உள. எம் பகுதியிற் சித்திரை வெயிலும் வயற்புழுதியும் சேர்ந்து விசிறிகளை அடைத்துவிடும். 5600ஜி போன்ற பிராசசர் 95 டிகிரி வெப்பத்தை எட்டின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புழுதியைத் துடைத்து, உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால், இழந்த வேகம் மீளும். 144 படங்கள் காட்டவல்ல மானிட்டரை வாங்கி, அதனை 60இலேயே வைத்து ஆடுவோரையும், அட்டை இருக்க மானிட்டர்க் கம்பியைத் தாய்ப்பலகையிற் செருகி, அட்டை வேலை செய்யவில்லை என்று வருந்துவோரையும் விடுதியிலேயே கண்டோம்.

இவற்றின் பின்னரே சிறு செலவு. அதன் பின்னரே பெருஞ் செலவு. எஸ்.எஸ்.டி. ஆட்டம் தொடங்கும் காத்திருப்பைக் குறைக்கும். படங்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் உயர்த்தாது. அட்டை வாங்குவோர் முதலிற் பவர் சப்ளையை நோக்குக. பிராசசரை மாற்ற விரும்புவோர் தாய்ப்பலகையை மாற்றாமலே மாற்ற இயலுமா என்று காண்க. எம் கணினியின் ஏ.எம்.4 பலகைகளுக்கென 2024இல் 5700எக்ஸ்3டி என்னும் பிராசசர் வெளிவந்தது. அதன் மூன்றாம் நிலைக் கேஷ் நினைவகம் 96 மெகாபைட்டு. 5600ஜியினுடையதோ 16 மட்டுமே. ஆயின் அதனுள் கிராபிக்ஸ் பகுதி இல்லையாதலின், அட்டை இல்லாதார் அதனை வாங்கின் திரையில் ஒன்றுங் காணார்.

எவ்வட்டையாலும் தீராத குறை ஒன்றும் உண்டு. எம் வகுப்பிற் பயிலும் மலையூர் நண்பர் ஒருவர், விடுமுறையிற் கல்வராயன் மலைமேல் ஆடுங்கால் தம் ஆள் நின்ற இடத்திலேயே துள்ளுவதாகவும், அதற்கு எந்த அட்டை நன்று எனவும் வினவினார். அது வரைதலில் வந்த தயக்கம் அன்று. தொலைவிலுள்ள சேவையகத்திற்குச் செய்தி சென்று மீளுங் காலத்தின் நீட்சி. மலையிற் சைகை எட்டாத இடத்தில் இலட்ச ரூபாய் அட்டையும் பயன்படாது. அவர் கேட்க வேண்டிய இடம் கணினிக் கடையன்று. நல்ல இணைய இணைப்பைத் தரவேண்டியவரையே.

அளந்து வாங்குதல் முன்னினும் இப்போது இன்றியமையாதது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராமின் விலை பெரிதும் ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்கென அமையும் பெருங்கணினி நிலையங்கள் நினைவகத்தை மிகுதியாகக் கொள்ளத் தொடங்கியமையே காரணம். குருசியல் என்னும் பெயராற் பொதுமக்களுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அவ்வணிகத்தினின்று விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. யாம் இரண்டாயிரத்திற்குள் முடித்த செப்பம் இனி வருவோர்க்கும் அவ்விலைக்கே கிட்டும் என்று கூறவொண்ணாது.

இனி, மறுப்போர் கூற்றை ஆராய்வாம். விளையாட்டே வீண்; அதற்கு ஒரு கணினியும் அதற்கு ஒரு செப்பமுமா என்பர் சிலர். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025இல் நடுவண் அரசு சட்டத்தால் தடுத்தது. அவற்றிற்காக யாம் வாதாடவில்லை. பந்தாட்டத்தைப் போலக் கூடி ஆடும் ஆட்டத்தையே கருதுகின்றோம். அதற்கும் அளவு வேண்டும் என்பதை மறுக்கிலோம். வேறு சிலர், அரசு 2011 முதல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியிருக்க இஃதெதற்கு என்பர். அம்மடிக்கணினி எம் போன்றோர் பலர்க்குக் கல்விக் கண் திறந்தது, நன்றி மறவோம். ஆயின், கூட்டிய கணினி தன் உள்ளுறுப்பைக் காட்டி, தானே ஓர் ஆசானாய் நிற்கின்றது. எம் தங்கை இன்று அதனிலேயே கணிதம் பயில்கின்றாள். இக்கட்டுரையும் அதனிலேயே எழுதப்பட்டது.

முடிவாக ஒரு வேண்டுகோள். எம்மைப் போல் வாங்கிய பின் அறிவார் பலர். வாங்குமுன் அறிதற்கு இடமில்லாமையே காரணம். நம் கல்லூரியில் ஒரு சோதனைப் பேழை அமைத்தல் நன்று. நல்ல பவர் சப்ளை ஒன்று, கிராபிக்ஸ் அட்டை ஒன்று, ராம் இரண்டு, வெப்பப் பசை சிறிது: இவ்வளவே போதும். மாணவர் ஒருவர் அதனை ஒருநாள் இரவல் பெற்றுத் தம் கணினியிற் பொருத்தி, எவ்வுறுப்பால் எத்துணைப் பயன் விளைகின்றது என்று கண்டபின் கடைக்குச் செல்லலாம். பழைய மாணவர் தம் இல்லங்களிற் பயனின்றிக் கிடக்கும் உறுப்புக்களை அளிப்பாராக. ஆசிரியர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்பாராக. மாணவராகிய நாம் கணக்கெழுதிக் காப்போமாக. ஒரு பேழையால் ஆண்டுக்கு ஒரு தந்தையின் பணமேனும் காக்கப்படின் அது பேருதவியே.

தோழர்காள்! மோட்டாரை வாங்குமுன் கிணற்றை எட்டிப் பாருங்கள். யாம் பாராது சென்றோம். எங்கள் வயலில் அவ்வோட்டைக் குழாய் இன்றும் கசிந்துகொண்டிருக்கின்றது.