பல் பார்த்து மாடு வாங்கியவர்கள்

வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தையைக் கண்டிருக்கிறீர்களா? காங்கேயம் காளை வாங்க வந்த உழவன் அங்கே என்ன செய்கிறான்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். சுழியைப் பார்க்கிறான். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறான். பத்தடி நடக்கவிட்டு நடையைப் பார்க்கிறான். பிறகுதான் தரகரின் துண்டுக்குள் கையை நுழைத்து, விரலைப் பிடித்து விலை பேசுகிறான். கட்டுப்படியாகவில்லையென்றால் அடுத்த மாட்டுக்குச் சென்றுவிடுகிறான். தரகர் சிரித்தாலும் மயங்கமாட்டான், சினந்தாலும் அஞ்சமாட்டான்!

சந்தையில் மட்டுமா இந்த விழிப்பு? சோமனூரில் தறி ஓட்டுபவர் நூலை விரலால் முறுக்கிப் பார்த்தே தரம் சொல்லுவார். கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறை வைத்திருப்பவர், மோட்டார் ஓடும் ஓசையைக் கேட்டே பேரிங் தேய்ந்திருப்பதைக் கூறிவிடுவார். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றிப் போட்டு, அது எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடு பிறந்த மண் இது. இயந்திரத்தைக் கண்டு கும்பிடு போடும் மண் அன்று. இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கும் மண்!

இந்த மண்ணில்தான், தோழர்களே, பல் பார்த்து மாடு வாங்கிய அதே மக்கள், பல்லும் பாராமல், நடையும் பாராமல், பாடுபட்டுச் சேர்த்த பணத்தைப் பறிகொடுத்து நின்றார்கள். ஒருமுறையல்ல, பன்முறை!

2008, 2009 ஆண்டுகளில் திருப்பூரில் பாசி என்றொரு நிறுவனம் கடை விரித்தது. அந்நியச் செலாவணி வணிகம் செய்கிறோம், இணையத்தின் வழியே உலகச் சந்தையில் பணத்தைச் சுழற்றுகிறோம், போட்ட பணம் பெருகித் திரும்பும் என்றார்கள். ஏறத்தாழ 930 கோடி ரூபாய் திரண்டது. பிறகு நிறுவனம் சரிந்தது. பனியன் ஆலையில் பீஸ் கணக்கில் தைத்தவரின் பணமும் அதில் போயிற்று. ஓய்வு பெற்றவரின் பணமும் அதில் போயிற்று.

பெருந்துறையில் ஈமுக் கோழி வந்தது. பணம் கட்டுங்கள், குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், வளர்ப்பதற்கு மாதந்தோறும் தொகையும் தருகிறோம் என்றது சுசி நிறுவனம். திரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் தோன்றிச் சிரித்தார்கள். 2012-இல் அது வீழ்ந்தது. தீவனம் நின்றது, பறவைகள் பட்டினி கிடந்தன, பணம் கட்டியவர்கள் காவல் நிலைய வாயிலில் வரிசையில் நின்றார்கள்.

அடுத்து வந்தது கைப்பேசி. செயலியில் விளம்பரம் பார்த்தால் வருமானம், சந்தா கட்டிச் சேர்ந்தால் கூடுதல் வருமானம், ஆள் சேர்த்தால் அதனினும் கூடுதல் வருமானம் என்று அறிவித்த மை வி3 ஆட்ஸ் என்னும் கோவை நிறுவனத்தின்மீது காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. நிறுவனம் தவறேதும் செய்யவில்லை என்று மறுத்தது. தீர்ப்புரைக்க வேண்டியது நீதிமன்றம். அந்த வேலையை நாம் மேற்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 2024 ஜனவரி 29 அன்று நீலாம்பூர் அருகே நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஆயிரமாயிரமாக மக்கள் கூடினார்கள். எதற்காக? எங்கள் பணத்துக்கு என்ன உறுதி என்று நிறுவனத்தைக் கேட்கவா? இல்லை! எங்கள் நிறுவனத்தை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று காவல்துறையைக் கேட்க!

இந்தக் காட்சியைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. "பேராசை பெருநஷ்டம்" என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிட்டுத் தேநீரைப் பருகச் சென்றவர்கள் உண்டு. நம்மில் சிலரும் அப்படிச் செய்தோம். தோழர்களே, அது தவறு. பேராசை என்று கூறுவது எளிது. அந்த ஆசை எங்கிருந்து முளைத்தது என்று கேட்பதல்லவா நம் கடமை?

ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் காணாத ஆழ்குழாய்க் கிணற்றுக்காரனுக்கு, மழையை நம்பாத வருமானம் ஒன்று வேண்டியிருந்தது. ஈமு வந்து அழைத்தது. ஓய்வூதியம் என்ற சொல்லையே அறியாத விசைத்தறித் தொழிலாளிக்கு, கை ஓய்ந்த பிறகு சோறு போட ஒன்று வேண்டியிருந்தது. செயலி வந்து அழைத்தது. வங்கி தருகிற வட்டி விலைவாசியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மகளின் திருமண நாளோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நெருக்கடியில் நிற்பவன் காதில், மாதம் தவறாமல் பணம் என்ற சொல் தேனாகத்தானே பாயும்? அது பேராசையின் குரல் மட்டுமன்று. பாதுகாப்பற்ற வாழ்வின் பெருமூச்சு!

இன்னொன்றும் உண்டு. இந்தச் செய்தியை அவனுக்குக் கொண்டுவந்தவர் யார்? முன்பின் அறியாத மோசக்காரனா? அல்ல! மாமன் கொண்டுவந்தார். அக்காள் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் கொண்டுவந்தார். "எனக்கு மூன்று மாதமாக வருகிறது, பாருங்கள்" என்று கைப்பேசியைக் காட்டினார்கள். அவர்கள் பொய்யும் கூறவில்லை. உண்மையாகவே மூன்று மாதம் வந்தது. மாட்டுத் தரகரின் சிரிப்பை நம்பாதவன், மாமனின் சொல்லை எப்படி நம்பாதிருப்பான்? மாமன் வந்தபோது, பல் பார்க்கும் பழக்கம் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டது!

இத்தகைய மோசடிகளின் உண்மையான மூலதனம் எது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? செலாவணி அன்று, கோழி அன்று, கைப்பேசியும் அன்று. உறவும் நட்பும் ஊர் நம்பிக்கையுமே மூலதனம். எழுதாத தாளுக்கும் மதிப்புத் தந்து, வாய்ச்சொல்லை நம்பி நூல் கடன் கொடுத்து வாங்கிய மண் இது. அந்த நம்பிக்கையில்தான் இங்கே தொழில் வளர்ந்தது. அதே நம்பிக்கையைத்தான் அவர்கள் அறுவடை செய்தார்கள். ஏமாந்தவன் நிறுவனத்துக்காகவே வாதாடியதன் காரணமும் இதுதான். நிறுவனம் பொய்யென்று அவன் ஒப்புக்கொண்டால், தான் சேர்த்துவிட்ட தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பான்?

கைப்பேசி தோன்றுவதற்கு முன்பே இந்தக் கலை தோன்றிவிட்டது. 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர், வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்கிறேன், 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது லாபம் தருகிறேன் என்றார். உண்மையில் நடந்தது என்ன? பின்னால் வந்தவர் கட்டிய பணத்தை முன்னால் வந்தவருக்கு எடுத்துக் கொடுத்தார். அதே ஆண்டிலேயே அந்தக் கோட்டை சரிந்தது. நூறாண்டுகளில் மாறியது வேடம், வித்தை மாறவில்லை.

ஆள் சேர்த்தால் வருமானம் என்கிற எந்தத் திட்டமும் நெடுநாள் நிற்க முடியாது. இதை விளக்கப் பொருளாதார மேதை வேண்டியதில்லை. நான்காம் வகுப்புப் பெருக்கல் வாய்ப்பாடே போதும். ஒருவர் ஐவரைச் சேர்க்கிறார்; ஐவர் இருபத்தைந்து பேரைச் சேர்க்கிறார்கள். ஐந்தாம் படியில் 3,125 பேர். எட்டாம் படியில் 3,90,625 பேர். ஒன்பதாம் படியில் 19,53,125 பேர். பத்தாம் படியில் 97,65,625 பேர்! 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாவட்டத்தின் மக்கள்தொகையே ஏறத்தாழ 34 லட்சத்து 58 ஆயிரந்தான். பன்னிரண்டாம் படிக்கோ 24 கோடிப் பேருக்கு மேல் வேண்டும். தமிழ்நாடு முழுவதும் திரண்டாலும் போதாது. அந்தச் சங்கிலி எந்தப் படியில் அறுந்தாலும், சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கடைசிப் படியில், தமக்குக் கீழே எவருமின்றி நிற்பார்கள். நான்கு பேர் அழ, ஒருவர் சிரிக்கும் ஏற்பாடு இது!

சரி, மக்கள் ஏமாந்தார்கள். அரசுகள் என்ன செய்துகொண்டிருந்தன? சட்டம் இல்லையா? இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லேயே வந்தது. நிதி நிறுவனங்களில் பணம் போட்டோரின் நலன் காக்கத் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் வந்தது. முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது. அந்தச் சட்டத்தின்படி, அத்தகைய திட்டத்துக்கு விளம்பரம் செய்து ஆள் அழைப்பதே குற்றம். பணம் பறிபோகும்வரை காத்திருக்கத் தேவையேயில்லை!

சட்டம் விழித்திருக்கிறது, அதைக் கையில் ஏந்த வேண்டியவர்கள் உறங்கிவிடுகிறார்கள். திருமண மண்டபத்தில் கூட்டம் நடக்கிறது, நெடுஞ்சாலையில் பதாகை தொங்குகிறது, இவையெல்லாம் நிறுவனம் கவிழ்ந்த பிறகுதான் அதிகாரிகளின் கண்ணில் படுகின்றன. பாசி சரிந்தது 2009-இல். உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. கோவைத் தனி நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டுச் சிறையும், 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று ஆண்டுகள்! அன்று பணம் போட்டபோது பள்ளியில் சேர்ந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது கல்லூரி வயதை எட்டிவிட்டது. தண்டனை வந்தது, வரவேற்போம். ஆனால் பதாகை தொங்கிய நாளிலேயே ஓர் அதிகாரி நுழைந்து, உனக்கு உரிமம் தந்தவர் யார் என்று கேட்டிருந்தால்? அந்தக் கேள்விக்காக நாம் குரலெழுப்ப வேண்டும். ஊராட்சி மன்றம் முதல் சட்டமன்றம்வரை எழுப்ப வேண்டும்.

ஆசை காட்டிப் பறிப்பது ஒரு வகை. அச்சம் காட்டிப் பறிப்பது இன்னொரு வகை. அதுவும் இதே கைப்பேசியில்தான் வருகிறது. காவல் அதிகாரியின் உடையில் ஒருவன் திரையில் தோன்றி, உன் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருக்கிறது, நீ டிஜிட்டல் கைதில் இருக்கிறாய், எவரிடமும் பேசாதே என்று மிரட்டுகிறான். நம் நாட்டுச் சட்டத்தில் கைப்பேசி வழியே கைது என்று ஒன்று கிடையவே கிடையாது! "எவரிடமும் பேசாதே" என்கிறானே, அங்கேதான் அவன் உயிர்நிலை இருக்கிறது. ஆசை காட்டுபவன் உறவைப் பயன்படுத்துகிறான். அச்சம் காட்டுபவன் உறவிலிருந்து பிரிக்கிறான். இருவரும் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: பாதிக்கப்படுபவர் ஒரு கணம் நின்று, பக்கத்திலிருக்கும் விவரமறிந்த ஒருவரைக் கேட்டுவிடக் கூடாதே என்பதற்கு!

அந்த விவரமறிந்த ஒருவர் யார்? தோழர்களே, அது நீங்களாக இருக்க வேண்டும்.

முதலில் நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்போம். இத்தகைய திட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்களில் நம்மவர் ஒருவரும் இல்லை என்று துணிந்து கூற முடியுமா? ஊருக்காக உழைப்பவர் என்று மக்கள் தந்த மதிப்பை, தரகுக்காக ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டவர் எவரேனும் இருந்தால், அவர் இழந்தது தம் பணத்தை மட்டுமன்று. நாளை நாம் வாக்குக் கேட்கச் செல்லும் வீட்டின் நம்பிக்கையை! நமக்குப் புரியாத ஒரு வணிகத்துக்கு நம் பெயரைத் தருவதில்லை என்று இன்றே உறுதி கொள்வோம்.

அடுத்து, நம் படிப்பகங்களை இதற்கும் பயன்படுத்துவோம். வாரத்தில் ஒரு மாலை, கைப்பேசியோடு வருகிற தாய்மார்களுக்கும் முதியவர்களுக்கும் உதவ ஓர் இளைஞர் அமரட்டும். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவனுக்கு ஓடிபி எண்ணைச் சொல்லாதே என்று பொறுமையாக விளக்கட்டும். பணம் பறிபோனவர் வந்தால், ஏன் ஏமாந்தாய் என்று கடிந்துகொள்ளாமல், அக்கணமே 1930 என்ற எண்ணை அழைத்துக் கொடுக்கட்டும். பணம் கைமாறிக் கைமாறி மறைவதற்குமுன் தடுத்து நிறுத்த, ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. வெட்கத்தால் வாய் மூடுகிறவர்தான் மோசக்காரனின் மிகச் சிறந்த நண்பர். அந்த வெட்கத்தைப் போக்குவது அறிவுரையால் ஆகாது, அன்பால்தான் ஆகும்.

மூன்றாவதாக, ஒரு கேள்வியை ஊரெங்கும் பரப்புவோம். எவ்வளவு தருவீர்கள் என்பதன்று அந்தக் கேள்வி. "எங்கிருந்து தருவீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி! எந்தப் பொருள் விற்று, எவரிடம் விற்று, என்ன லாபம் ஈட்டி எனக்கு இந்தப் பணத்தைத் தருகிறீர்கள் என்று கேட்கச் சொல்வோம். நேர்மையான வணிகன் இந்தக் கேள்விக்குக் கணக்கைக் காட்டுவான். மற்றவன் மேடையைக் காட்டுவான், நட்சத்திரத்தைக் காட்டுவான், மாமனைக் காட்டுவான்!

கண்ணபுரத்து உழவன் மாட்டின்மீது வெறுப்புக் கொண்டா பல்லைப் பார்க்கிறான்? இல்லை, மாடு வேண்டும் என்பதற்காகவே பார்க்கிறான். நமக்கும் கைப்பேசி வேண்டும், இணையம் வேண்டும், புதிய தொழில் வேண்டும். வேண்டும் என்பதற்காகவே வாயைத் திறந்து பார்ப்போம். கொண்டுவருபவர் மாமனே ஆனாலும், பல்லைப் பார்த்த பிறகே கயிற்றைப் பிடிப்போம்!