ஊழியர் சொல் அம்பலம் ஏறுமா?

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்களுக்கு அம்பாப் பாடலைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடலில் வளைத்து விடப்பட்ட வலையின் இரு பக்கக் கயிறுகளையும் பற்றிக்கொண்டு தொழிலாளர் இரு வரிசையாக நிற்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றையோர் ஏற்றுப் பாடுவர். பாட்டின் தாளத்துக்குக் கால்கள் பெயரும், கயிறு நகரும். இலக்கிய மாணவர் இதனை நாட்டார் பாடல் என்று ஏட்டிற் குறித்து வைப்பர். நமக்கோ அதில் வேறொரு பயனும் தென்படுகிறது. ஏற்றுப் பாடும் குரல் தளர்ந்தால், கைகளும் தளர்ந்துவிட்டன என்பது முன்னே நிற்பவருக்கு உடனே விளங்கிவிடும். களைப்பைத் தெரிவிக்க அங்கே ஒருவரும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

இந்த எண்ணம் இப்போது எழுந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற விடுமுறையின்போது புத்தளம், கற்பிட்டி, உடப்பு ஆகிய ஊர்களைச் சேர்ந்த இளைஞர் மூவரும் யுவதிகள் இருவரும் நம்மைக் காண வந்திருந்தனர். ஐவரும் கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களிற் பணிபுரிவோர். அவர்களுள் சிலருக்கு ஒரு காலத்தில் நாம் பாடஞ் சொல்லிக்கொடுத்ததுண்டு. அந்த உரிமையால், “சேர், உள்ளதை உள்ளபடி சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் பேசினார்கள். வளர்ந்துவரும் நிறுவனமொன்றில் வேலை செய்வதைப் பற்றி அவர்கள் நினைப்பது என்ன என்பதை, அத்தொழிலை நோக்கி மாணவரை அனுப்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களும், அதனைக் கனவு காணும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். அதனை மறைப்பது நேர்மையன்று. இத்தொழில் அவர்களுக்குக் கௌரவமான சம்பளத்தைத் தந்திருக்கிறது. எந்த ஊர், எவருடைய பிள்ளை என்று பாராமல் கைத்திறனைப் பார்த்து வேலை கொடுத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறி, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றுபோன நாட்களில், இவர்களுடைய சம்பளத்தைக்கொண்டே உணவு வாங்கிய குடும்பங்கள் நம் கரையில் உண்டு. ஒரு யுவதி, தம் தந்தையார் தொழிலுக்குச் செல்லும் படகின் இயந்திரத்தைத் தாமே வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னபோது, அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நாம் மறக்கவில்லை.

இத்தொழில் நம் நாட்டில் வளர்ந்த கதையும் சிறிதன்று. 1996இல் கொழும்பிலே தோன்றிய மில்லேனியம் ஐ.டி. நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் 3 கோடி டொலருக்கு வாங்கியது. 2011இல் லண்டன் சந்தையின் கொடுக்கல் வாங்கலே இலங்கையர் ஆக்கிய மென்பொருளில் நடைபெறலாயிற்று. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் அவருடைய தோழர்களும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை 2024இல் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டீ. வாங்கியது. நம் இளைஞரின் அறிவுக்கு உலகச் சந்தையில் விலையுண்டு என்பதற்கு இவை சான்று. ஆயினும், நிறுவனம் கைமாறும் செய்தி வந்த அன்று தலைவர்கள் முன்னே தோன்றும் கேள்வி வேறு. கணினி முன்னே அமர்ந்திருப்பவன் உள்ளத்தில் எழும் கேள்வி வேறு. “நாளை எனக்கு மேலே இருக்கப்போகிறவர் யார்? நான் இதுவரை செய்த வேலை அவருக்குத் தெரியுமா?” என்பதே அவன் கேள்வி.

இனி, அந்த மாலையில் நாம் கேட்ட குறைக்கு வருவோம். சம்பளம் போதவில்லை என்று ஐவரில் ஒருவரும் சொல்லவில்லை. வேலை கடினம் என்றும் அவர்கள் முறையிடவில்லை. ஐவரும் வெவ்வேறு சொற்களில் சொன்னது ஒன்றே: “முன்பு கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை.”

அவர்களுள் மூத்தவர் தம் நிறுவனத்தில் இருபது பேர் மட்டுமே இருந்த நாளிற் சேர்ந்தவர். அன்று எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து உணவருந்துவார்களாம். ஒரு பிழை கண்டால் எழுந்து சென்று முதல்வரிடமே சொல்லலாம். இன்று அங்கே நானூறு பேர். அவருக்கு மேல் ஓர் அதிகாரி, அவருக்கு மேல் இன்னோர் அதிகாரி. “முதல்வரைப் பெயர் சொல்லி அழைக்கலாம் சேர், அதற்குத் தடையில்லை. ஆனால், இந்த வேலை குறித்த நாளில் முடியாது என்று மட்டும் அவரிடம் சொல்ல முடியாது” என்றார். பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க நாத் தயங்கும் மண்ணிலே வளர்ந்த பிள்ளை, அந்தத் தயக்கத்தை வென்றுவிட்டது. உண்மையைச் சொல்லும் வழி மட்டும் அடைபட்டுப் போயிற்று!

இன்னொருவர் கொரோனாக் காலத்தில் கற்பிட்டியில் தம் வீட்டிலிருந்தே ஈராண்டு வேலை பார்த்தவர். ஒரு நாளும் வேலை பிந்தவில்லை. வயோதிபத் தாயையும் கவனித்துக்கொண்டார். பிறகு, எல்லோரும் கொழும்புக்குத் திரும்ப வேண்டும் என்று ஓர் அறிவித்தல் வந்தது. ஏன் என்று அவர் வினவினார்; மறுமொழி வரவில்லை. விலகல் கடிதம் கொடுத்த பின்னரே, “நீங்கள் ஏன் போகிறீர்கள்? எங்களிடம் என்ன குறை?” என்று ஓர் அதிகாரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாராம். “அந்த ஒரு மணி நேரத்தை ஆறு மாதம் முன்பு தந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்” என்று அவர் சொன்னபோது மற்ற நால்வரும் தலையசைத்தனர். புறப்படுபவனிடம் கேட்பது அவன் பயணத்தைத் தடுக்காது. இருப்பவனிடம் கேட்பதே நிறுவனத்துக்குப் பயன்.

இது மனக்குறை மட்டுமன்று. நட்டத்துக்கும் வித்தாகும் என்பதை நம் கரை ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1980களில் இறால் வளர்ப்பு இம்மாவட்டத்தில் பரவத் தொடங்கியது. முந்தல் களப்பின் ஓரத்திலும், ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயின் ஓரத்திலும் பண்ணைகள் நெருங்கிப் பெருகின. கண்டல் காடுகள் அழிந்தன. ஒருவர் குளத்திலிருந்து கழிந்த நீரே இன்னொருவர் குளத்துக்குள் புகுந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்த நீர்வழியே அது விரைந்து பரவிற்று. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் காணலாம். இரவெல்லாம் குளக்கரையில் விழித்திருக்கும் காவலாளிதான் இறாலின் சோர்வை முதலிற் காண்பவன். கணக்கேட்டைப் புரட்டும் உரிமையாளருக்கு அது பின்னரே தெரியவரும். மென்பொருளிலும் அப்படித்தான். ஒரு பிழையை முதலிற் காண்பவர், அதை எழுதுபவரும் சோதித்துப் பார்ப்பவருமே. வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுப்பவர் வேறொருவர். முன்னவரின் சொல் பின்னவரை எட்டாதிருக்கும் இடத்தில் வளர்ச்சி என்பது நோய் பரவும் வாய்க்காலாகிவிடும்.

சட்டம் காப்பாற்றாதா என்று சிலர் கேட்கக்கூடும். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்பது அது வகுத்த எல்லை. அன்றைய இலிகிதரையும் கடைச் சிப்பந்தியையும் மனத்திற்கொண்டு எழுந்த நல்ல சட்டம் அது. அமெரிக்காவிலே பகல் விடியும் நேரத்தில் கொழும்பிலே இரவு விழித்திருந்து பேச வேண்டிய ஒரு தொழிலை அன்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் 8 வீதமும் வேலைகொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ ஐந்தாண்டு சேவையை நிறைவு செய்தவருக்கே பயன் தரும். இரண்டாண்டுக்கொருமுறை நிறுவனம் மாறும் இளைஞனுக்கு அது எட்டாக் கனி. சட்டம் நேரத்தையும் பணத்தையும் அளக்கும். ஒருவன் சொல்லைக் காதுகொடுத்துக் கேள் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த இயலாது.

திருவள்ளுவர் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தகுதியறிந்து ஒருவனிடம் தொழிலை ஒப்படை என்பதோடு அவர் நிறுத்தவில்லை. தொழில் செய்வோன் நிலை தவறாதவரை உலகமும் நிலை தவறாது. ஆதலால் அரசன் அவனை ஒவ்வொரு நாளும் நோக்க வேண்டும் என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். ஒவ்வொரு நாளும் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய நிறுவனங்களோ ஆண்டுக்கொருமுறை மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நீட்டி, அதில் மதிப்பெண் இட்டு, அத்துடன் கடமை முடிந்தது என்று கருதுகின்றன. பெயர் எழுதத் தேவையில்லை என்று சொல்லிக் கருத்துக் கேட்கும் வழக்கமும் உண்டாம். “ஆறு பேர் மட்டுமே உள்ள குழுவில் பெயர் எழுதாவிட்டால் என்ன, எழுதினால் என்ன?” என்று சிரித்தார் யுவதியொருவர். அச்சம் உள்ளவரை அந்தப் படிவத்தால் யாதொரு பயனும் இல்லை.

வேலையைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தால் எல்லாம் தீருமா? தமிழ்நாட்டிலே சோகோ நிறுவனம் 2011இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அதற்கு முன்பே, பல்கலைக்கழகம் செல்லாத மாணவரைத் தெரிந்து பயிற்றுவிக்கும் பள்ளியையும் நடத்தத் தொடங்கியது. புத்தளத்திலோ கற்பிட்டியிலோ அத்தகைய முயற்சி எழுமானால் முதலில் வாழ்த்துபவர் நாமாக இருப்போம். கொழும்புக்கும் புத்தளத்துக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 130 கிலோமீற்றர் பாதையை விடியற்காலையில் கடக்கும் எத்தனையோ பேருக்கு அது விடிவாகும். ஆயினும், தென்னந்தோப்பின் நடுவே கட்டிடம் எழுந்துவிட்டால் மட்டும் கேட்கும் செவி முளைத்துவிடாது. அது தலைவர்கள் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

ஆதலால் நிறுவனங்களை நடத்துவோருக்கு நாம் சொல்வது இதுவே: புறப்படுபவனிடம் கேட்கும் கேள்வியை இருப்பவனிடம் இன்றே கேளுங்கள். நாள் குறிக்கும் முன் வேலை செய்பவனை அழைத்துக் கேளுங்கள். அவன் சொன்னதை ஏற்க முடியாவிடின், ஏன் முடியாது என்பதையாவது சொல்லுங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஐவரும் நம் வகுப்பறைகளில் இருந்து சென்றவர்கள். அங்கே அவர்கள் கேள்வி கேட்டபோது நாம் என்ன செய்தோம்? “பேசாமல் இரு, பரீட்சைக்கு வருவதைப் படி” என்று சொன்னவர்களுள் இதை எழுதுபவரும் ஒருவர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பணிவு வேறு, வாய்மூடியிருத்தல் வேறு என்பதைப் பள்ளியிலேயே பிள்ளைகள் பயில வேண்டும். மேலோரிடம் மரியாதை குன்றாமல் மாற்றுக் கருத்தைச் சொல்லும் தமிழை நாம் கற்றுக்கொடுத்தால், நாளை அவர்கள் எந்த மொழி பேசும் அலுவலகத்திலும் அந்தத் துணிவோடு பேசுவர்.

அந்த மாலை விடைபெறுகையில், மூத்தவர் வாசலில் நின்று, “சேர், நாங்கள் சொன்னதில் எங்கள் பெயர் வராதல்லவா?” என்று தாழ்ந்த குரலிற் கேட்டார். வராது என்று வாக்களித்தோம்; அவ்வாறே எழுதியிருக்கிறோம். ஆனால், தம் தொழிலை நேசிக்கும் ஓர் இளைஞன், அதைப் பற்றி நல்லெண்ணத்தோடு நாலு வார்த்தை பேசியதற்காக அஞ்ச வேண்டியிருக்கும் நிலை, எந்த நிறுவனத்துக்கும் பெருமை சேர்ப்பதாகாது.