உங்கள் குழாய் முடிகிற இடத்தில் எங்கள் பாடு

போன வாரம் வகுப்பில் ஒரு செமினார். நகரத்தின் பாதாள சாக்கடை எப்படி வேலை செய்கிறது என்று நண்பர் ஒருவர் ஸ்லைடு போட்டு விளக்கினார். வீட்டிலிருந்து ஒரு கோடு, தெருக் குழாய், பம்பிங் ஸ்டேஷன், சுத்திகரிப்பு நிலையம், கடைசியில் ஒரு அம்புக்குறி. அம்பின் நுனியில் "வெளியேற்றம்" என்று ஒரே ஒரு சொல். அத்தோடு ஸ்லைடு முடிந்தது. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

ராத்திரி ஹாஸ்டலில் படுத்தபிறகுதான் உறைத்தது. அடப்பாவி, அந்த அம்பு நுனிப் பக்கம்தானே எங்க ஊர் இருக்கு!

எங்க ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், கொஞ்சம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். டூர் வருகிறவர்களுக்கு டச்சுக்காரன் கல்லறையும் பூநாரையும்தான் தெரியும். எங்களுக்கு இறால், மடவை, நண்டு. இங்கே "பாடு" என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. இன்றைக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு. ஏரி எல்லோருக்கும் பொது, பேராசை யாருக்கும் கிடையாது. இதை எந்த காலேஜிலும் படிக்காமல் எங்க தாத்தாக்கள் நடத்தி வந்தார்கள்.

சரி, சென்னை சாக்கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மேப்பை எடுத்துப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது. அங்கிருந்து வடக்கே காட்டுப்பள்ளிக்குப் பின்புறமாக உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காடு ஏரி வரைக்கும் தொடர்கின்றன. எண்ணூரில் விழும் அழுக்கு முழுவதும் எங்க ஏரிக்கு வந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே நீர்ப்பரப்பின் இரண்டு முனைகள். அந்த முனையில் வலை போடுகிறவனும் எங்க சொந்தக்காரன்தான்.

நகரத்தின் அழுக்கு எந்த வழியாக வரும் என்பதை 2023 டிசம்பரில் ஊரே பார்த்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். எண்ணெய் கறுப்பாகத் தெரிந்ததால் கேமராக்கள் வந்தன. சாக்கடையும் அதே வழியில்தான் வருகிறது. அது வழக்கமாக வருவதால் செய்தி இல்லை.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் மாநகரமாகிவிட்டன. வரி உடனே வந்தது, சாக்கடைக் குழாய் பின்னால் மெதுவாக வந்தது. தெருவைத் தோண்டுவார்கள், குழாய் புதைப்பார்கள், திறப்பு விழா நடக்கும், இத்தனை கிலோமீட்டர் என்று பேனர் வைப்பார்கள். நல்லது. ஆனால் கிலோமீட்டர் என்பது குழாயின் நீளம். தண்ணீர் சுத்தமாச்சா என்பதற்கு அது பதிலே இல்லை.

சிவில் படிக்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம். சாக்கடை சரிவில் தானாக ஓடும். சென்னை மாதிரி தட்டையான ஊரில் சரிவுக்காகக் குழாயை ஆழமாக்கிக்கொண்டே போக முடியாது. அதனால் ஓரிடத்தில் கிணற்றில் சேர்த்து, மோட்டார் வைத்து மேலே ஏற்றி அடுத்த இடத்துக்குத் தள்ளுவார்கள். அதுதான் பம்பிங் ஸ்டேஷன். மோட்டார் நின்றால்? கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணினால்? வீட்டில் யாரும் பாத்ரூம் போகாமல் இருக்கப் போவதில்லை. கிணறு நிரம்பும், நிரம்பினால் வழியும். தெருவில் வழிந்தால் கவுன்சிலர் வீட்டுக்குக் கூட்டம் வரும். கால்வாயில் வழிந்தால் யார் கேட்பது? மடவை மீனா மனு கொடுக்கும்?

சாக்கடை அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆழமான கடல் அதைக் கொஞ்சம் தாங்கும். எங்க ஏரியின் ஆழம் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுகூட வராது. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வந்து போவதும் நின்றுவிடும். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து வளர்கிற இடம் இது. தொட்டிலில் சாக்கடையை விட்டுவிட்டு, பிள்ளை ஏன் வளரவில்லை என்று கேட்கிறோம்.

இது சென்னையின் குணம் மட்டும் இல்லை. லண்டனில் 1858-ல் தேம்ஸ் நாறி, பார்லிமென்டே மூக்கைப் பிடித்தது. பேசல்கெட் என்ற இன்ஜினியர் பிரமாதமான குழாய்களும் பம்பிங் ஸ்டேஷன்களும் கட்டினார். இன்றும் பாடப்புத்தகத்தில் அவர் ஹீரோ. ஆனால் அந்தச் சாக்கடையை ஊருக்குக் கிழக்கே அப்படியே ஆற்றில்தான் விட்டார்கள். 1878 செப்டம்பரில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் கப்பல் அந்த இடத்துக்கு அருகே மோதி மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலர் அந்தச் சாக்கடைத் தண்ணீரில். அதற்கப்புறம்தான் சுத்திகரிப்பைப் பற்றி யோசித்தார்கள். நாமும் யோசிக்க எத்தனை பேர் சாக வேண்டும்?

"நம்ம நாட்டில் அதெல்லாம் முடியாதுப்பா" என்று சொல்லாதீர்கள். 2019-ல் கொடுங்கையூரில் ஒரு நிலையம் வந்தது. சாக்கடை நீரைச் சுத்திகரித்து, அதற்கு மேல் ஆர்.ஓ. செய்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கக் கட்டியது. அதாவது பாய்லருக்குத் தேவை என்றால் சாக்கடையை ஸ்படிகம் மாதிரி ஆக்க நமக்குத் தெரியும். இறாலுக்குத் தேவை என்றால் மட்டும் நிதி இல்லை, டெக்னாலஜி இல்லை.

உடனே "அப்போ நீ பாதாள சாக்கடையே வேண்டாம் என்கிறாயா?" என்று ஒருத்தர் வருவார். இல்லை சார். குழாய் இல்லாத தெருவின் சாக்கடை மழைநீர் வடிகாலில் நுழைந்து அதே கழிமுகத்துக்குத்தான் போகிறது. கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்ட 2021 டிசம்பரில் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. வீடுகளுக்கு முறையான சாக்கடை இணைப்பு இல்லாவிட்டால், கடன் வாங்கிக் கட்டிய அந்த வடிகாலும் சாக்கடைக்கு நல்ல ரோடு போட்டுக் கொடுத்த கதைதான். எங்க குப்பத்து அழுக்கும் ஏரியில்தான் கலக்கிறது, அதையும் மறைக்கவில்லை. எங்களுக்கும் வேண்டும். முழுசாக வேண்டும்.

கேட்பது மூன்றே மூன்று. சுத்திகரிப்பு நிலையம் தயாராகாமல் அதற்கு வரும் குழாய்க்குத் திறப்பு விழா வேண்டாம். ஒவ்வொரு பம்பிங் ஸ்டேஷன் வாசலிலும் தமிழில் ஒரு போர்டு வேண்டும்: நிரம்பினால் எங்கே வழியும், இந்த மாதம் எத்தனை மணி நேரம் வழிந்தது. கழிமுகத்துத் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, முடிவை மீனவ கிராமங்களில் ஒட்ட வேண்டும். இதற்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். (ராக்கெட் வேண்டுமானால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது, தினம் பார்க்கிறோம்.)

லீவுக்குப் போனபோது பெரியப்பாவிடம் அந்த ஸ்லைடை மொபைலில் காட்டினேன். கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசி வரை வந்தார். "இதுக்கப்புறம் ஏன்டா ஒண்ணும் வரையல?" என்றார்.

நாளைக்கு இன்ஜினியராகப் போகிற என் வகுப்புத் தோழர்களே, அடுத்த முறை அந்தப் படம் போடும்போது அம்புக்குறிக்கு அப்புறம் ஒரு படகு வரையுங்கள். அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கட்டும். இன்றைக்கு அவர் முறை.